இரத்தம் எங்கிருந்து வருகிறது, எங்கே திரும்புகிறது?

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

பிறவியிலேயே நுரையீரலில் ஏற்படும் கட்டமைப்புக் குறைகளைப் பற்றிச் சென்ற இதழில் சுருக்கமாக எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்டன. நுரையீரலில் கட்டி என்கிறார்கள், நீர்க்கட்டி என்கிறார்கள். ஆனால் அறிக்கையில் ஏன் இரத்தக் குழாயைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறது? நல்ல கேள்வி. ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அதற்கே ஒதுக்குகிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து, ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: நான் 22 வாரக் கர்ப்பிணி. ஐந்தாம் மாத ஸ்கேனில், குழந்தையின் இடது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் வெண்மையான ஒரு கட்டி தெரிவதாகவும், பெருந்தமனியிலிருந்து ஒரு குழாய் அதற்குச் செல்வதாகவும், அது 'செக்வஸ்ட்ரேஷன்' ஆக இருக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. என் குழந்தை பிழைக்குமா டாக்டர்? – ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: அம்மா, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இத்தகைய குறையோடு கருவில் கண்டறியப்படும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலானோர் நலமாகப் பிறக்கிறார்கள். பலருக்குப் பிறக்கும்போது மூச்சுத் திணறல்கூட இருப்பதில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

செக்வஸ்ட்ரேஷன் என்றால் ஒதுக்கி வைக்கப்பட்டது என்று பொருள். நுரையீரல் திசுவின் ஒரு பகுதி, மூச்சுக்குழலின் கிளைகளோடு முறையாகச் சேராமல் தனியே நின்றுவிடுகிறது. அதனால் பிறந்த பிறகும் அது மூச்சு விடும் வேலையைச் செய்யாது. அதைவிட முக்கியமான வேறுபாடு, அதற்கு இரத்தம் வந்து சேரும் வழியில் இருக்கிறது. நுரையீரலுக்கு இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து நுரையீரல் தமனி வழியாக இரத்தம் வருவதே இயல்பு. ஒதுங்கிய இந்தப் பகுதிக்கோ, உடல் முழுவதற்கும் இரத்தம் கொண்டு செல்லும் பெருந்தமனியிலிருந்து ஒரு கிளை நேராகப் பிரிந்து வந்து சேருகிறது. உங்கள் அறிக்கையில் சொல்லியிருப்பது அந்தக் கிளையைத்தான். பெரும்பாலும் அது மார்புக்குள் இருக்கும் பெருந்தமனியிலிருந்து பிரியும். சிலருக்கு வயிற்றுக்குள் இருக்கும் பெருந்தமனியிலிருந்து கிளம்பி, உதரவிதானத்தைத் துளைத்துக்கொண்டு மேலே ஏறி வரும்.

இது ஏன் நேர்கிறது என்பதற்குப் பரவலாக ஏற்கப்பட்ட ஒரு விளக்கம் உண்டு. கருவின் நான்காவது வாரத்தில், பின்னால் உணவுக்குழாயாக மாறப்போகும் முன்குடலிலிருந்து நுரையீரல் மொட்டு முளைக்கிறது. அந்த மொட்டைச் சுற்றி மெல்லிய இரத்தக் குழாய்களின் வலை ஒன்று இருக்கிறது. தொடக்கத்தில் அந்த வலை பெருந்தமனியோடு இணைந்திருக்கும். நுரையீரல் தமனி வளர்ந்து வந்து பொறுப்பை ஏற்றுக்கொண்டதும் பழைய இணைப்புகள் சுருங்கி மறைந்துவிடும். இயல்பான மொட்டுக்குக் கீழே கூடுதலாக இன்னொரு மொட்டு முளைத்துவிட்டால், அது தன்னுடைய பழைய பெருந்தமனி இணைப்பை விடாமல் பிடித்துக்கொண்டே கீழ்நோக்கி வளர்கிறது. ஆக, அந்தக் குழாய் புதிதாக முளைத்த ஒன்று அன்று. எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு காலத்தில் இருந்து மறைந்துபோனது, உங்கள் குழந்தைக்கு மறையாமல் நின்றிருக்கிறது.

இனி வரும் வாரங்களில் மருத்துவர்கள் எதைக் கவனிப்பார்கள் என்பதைச் சொல்கிறேன். டாப்ளர் ஸ்கேனில் அந்தக் குழாயின் பாதையையும், கட்டியின் அளவையும், இதயம் மறுபக்கம் தள்ளப்பட்டிருக்கிறதா என்பதையும், மார்பிலோ வயிற்றிலோ நீர் கோத்திருக்கிறதா என்பதையும் பார்ப்பார்கள். கட்டியின் நீளம், உயரம், அகலம் மூன்றையும் பெருக்கி, அதை 0.52ஆல் பெருக்கி, குழந்தையின் தலைச் சுற்றளவால் வகுத்து ஓர் எண்ணைக் கணக்கிடுவது வழக்கம். சி.பி.ஏ.எம். எனப்படும் நீர்க்கட்டி வகைக்காக 2002இல் வகுக்கப்பட்ட இந்தக் கணக்கில் 1.6ஐத் தாண்டினால் குழந்தையின் உடலில் நீர் கோக்கும் ஆபத்து கூடுகிறது என்று கொள்கிறார்கள். நீர் கோப்பதற்கும் காரணம் பெரும்பாலும் இரத்தக் குழாய்களில்தான் இருக்கிறது. கட்டி இதயத்தையும், அதற்குள் இரத்தத்தைத் திருப்பிக் கொண்டு வரும் பெருஞ்சிரைகளையும் அழுத்தும்போது, திரும்ப வேண்டிய இரத்தம் தேங்குகிறது. தேங்கிய இடத்திலிருந்து நீர் கசிகிறது. நுரையீரலுக்கு வெளியே தனி உறையோடு அமைந்த வகையில், காம்பு போன்ற அந்த ஒற்றை இணைப்பு முறுக்கிக்கொண்டு, சிரையும் நிணநீர்க் குழாய்களும் அடைபட்டு, மார்புக்குள் நீர் நிரம்பிவிடுவதும் உண்டு. அப்படி நேர்ந்தால் நீரை வடிக்கக் குழாய் வைக்கவும், கருவிலேயே அந்தத் தமனியை லேசர் கொண்டு அடைக்கவும் வழி இருக்கிறது. இவை சிலருக்கு மட்டுமே தேவைப்படுகின்றன. உங்கள் அறிக்கையில் நீர்க் கோவை இல்லை, இதயம் இயல்பாக இருக்கிறது என்று தெளிவாக எழுதியிருப்பதால், குறித்த இடைவெளியில் ஸ்கேன் செய்துகொண்டு வாருங்கள். பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவும் குழந்தைகள் அறுவை சிகிச்சை மருத்துவரும் உள்ள இடத்தில் பிரசவத்தைத் திட்டமிடுங்கள். இந்தக் குறைக்காக மட்டும் சிசேரியன் செய்ய வேண்டிய தேவை பொதுவாக இல்லை.

கேள்வி: என் மருமகள் கிரகணத்தன்று வெளியே வந்துவிட்டாள். அதனால்தான் பேரக் குழந்தைக்கு நுரையீரலில் இப்படி ஆகிவிட்டது என்று உறவினர்கள் பேசுகிறார்கள். அவள் அழுதுகொண்டே இருக்கிறாள். – ஒரு பாட்டி, திருவாரூர்

பதில்: அம்மா, கிரகணத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உங்கள் மருமகள் சாப்பிட்டது, நடந்தது, வேலைக்குப் போனது, கவலைப்பட்டது எதுவும் இதற்குக் காரணம் இல்லை. முந்தைய பதிலில் சொன்னது போல, இந்த மாற்றம் கருவுற்ற முதல் சில வாரங்களிலேயே, பல பெண்கள் தாம் கர்ப்பமாக இருப்பதை அறிவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பெரும்பாலான குடும்பங்களில் இது ஒரு குழந்தையோடு நின்றுவிடுகிறது. அடுத்த குழந்தைக்கும் வரும் என்று அஞ்ச வேண்டியதில்லை. நீங்கள் எனக்குக் கடிதம் எழுதியதே உங்கள் மருமகளின் பக்கம் நிற்பதால்தான் என்று எண்ணுகிறேன். இந்தப் பதிலை அந்த உறவினர்களிடமும் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் மகனுக்கு நான்கு மாதம். கருவில் இருந்தபோது சி.பி.ஏ.எம். என்றார்கள். 32ஆம் வாரத்தில் கட்டி மறைந்துவிட்டது என்றார்கள். பிறந்தபின் எடுத்த எக்ஸ்ரேயும் நன்றாக இருக்கிறது, குழந்தையும் நன்றாகப் பால் குடிக்கிறான். இருந்தும் மருந்து செலுத்தி சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும் என்கிறார்கள். கதிர்வீச்சுக்குப் பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறோம். இது தேவைதானா? – ஒரு தந்தை, ஈரோடு

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது. கைக்குழந்தைக்குத் தேவையில்லாத சி.டி. ஸ்கேன் ஒன்றுகூட எடுக்கக் கூடாது என்பதில் நானும் உறுதியாக இருப்பவன். ஆனால் உங்கள் மகனுக்கு அது தேவையில்லாத ஸ்கேன் அன்று.

கருவின் கடைசி மாதங்களில் இயல்பான நுரையீரலும் ஸ்கேனில் வெண்மையாகத் தெரியத் தொடங்குகிறது. அதனால் கட்டிக்கும் சுற்றியுள்ள திசுவுக்கும் இடையே இருந்த வேறுபாடு மங்கி, கட்டி மறைந்ததுபோல் தோன்றுகிறது. பெரும்பாலானவற்றில் கட்டி சிறுத்திருக்கிறதே தவிர, போய்விடவில்லை. எக்ஸ்ரே இயல்பாக இருந்த குழந்தைகளிலும் சி.டி.யில் அது தெளிவாகத் தெரிந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறோம்.

அடுத்து, இரத்தக் குழாய்களைப் படத்தில் தெளிவாகக் காட்டும் அந்த மருந்து ஏன்? சி.பி.ஏ.எம். என்பது மூச்சுக்குழல் கிளைகள் தாறுமாறாக வளர்ந்து நீர்க்கட்டிகளாக மாறும் குறை. அதற்கு வழக்கமாக நுரையீரல் தமனியிலிருந்தே இரத்தம் வருகிறது, நுரையீரல் சிரை வழியாகவே திரும்புகிறது. ஆனால் நீர்க்கட்டிகளும் இருந்து, பெருந்தமனியிலிருந்து வரும் குழாயும் இருக்கும் கலப்பு வகை ஒன்று உண்டு. நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு குறை முடிந்து மற்றொன்று தொடங்கும் கோடு எது என்று சொல்ல முடியாத அளவுக்கு இவை பின்னிக்கிடக்கின்றன. இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்பதைவிட, ஒரே கோளாறு வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு மட்டத்தில் நிகழ்ந்ததன் விளைவுகள் என்று கொள்வதே பொருத்தம் என்று நான் கருதுகிறேன். மருந்து செலுத்தாமல் எடுக்கும் சி.டி.யில் நீர்க்கட்டி தெரியும். அந்தக் குழாய் தெரியாமல் போகலாம்.

குழாய் இருக்கிறது என்று தெரிவதால் இன்னொரு பயனும் உண்டு. ப்ளூரோபல்மனரி பிளாஸ்டோமா என்ற அரிய குழந்தைப் பருவப் புற்றுநோய், அதன் தொடக்க நிலையில், சாதாரண நீர்க்கட்டியைப் போலவே தோற்றமளிக்கும். டைசர்-1 என்ற மரபணுவில் ஏற்படும் பிறழ்வோடு தொடர்புடையது அது. பெருந்தமனியிலிருந்து தனிக் குழாய் வரும் கட்டிகள் அந்தப் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு குறைவு. அந்த வாய்ப்பு முற்றிலும் இல்லை என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆயினும் முடிவெடுக்கும்போது எடை போட வேண்டிய செய்தி இது.

தொந்தரவு இல்லாத குழந்தைகளுக்கு இந்த ஸ்கேனை ஏறக்குறைய மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் எடுப்பது பல இடங்களில் வழக்கம். குழந்தைகளுக்கென்று கதிர்வீச்சின் அளவைக் குறைத்து எடுக்கும் முறை இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஸ்கேன் மார்போடு நின்றுவிடாமல் மேல்வயிற்றுப் பகுதியையும் சேர்த்து எடுக்கப்பட வேண்டும் என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். குழாய் உதரவிதானத்துக்குக் கீழேயிருந்து வந்தால், மார்பை மட்டும் எடுத்த படத்தில் அதன் தொடக்கம் தவறிப்போகும்.

கேள்வி: எனக்கு 38 வயது. சிறு வயதிலிருந்தே அடிக்கடி நிமோனியா வரும். ஒவ்வொரு முறையும் இடது பக்கக் கீழ்ப்பகுதியில்தான். காசநோய் இருக்கலாம் என்று இரண்டு முறை சளிப் பரிசோதனை செய்து, இல்லை என்று வந்தது. சென்ற மாதம் இருமும்போது இரத்தம் வந்தது. சி.டி. எடுத்ததில், பிறவியிலேயே உள்ள குறை என்றும், பெருந்தமனியிலிருந்து வரும் குழாய் தடித்து வீங்கியிருக்கிறது என்றும் சொன்னார்கள். பிறவியிலிருந்து இருந்த குழாய் இத்தனை ஆண்டுகள் கழித்து ஏன் தொந்தரவு செய்கிறது? – ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் நிமோனியா என்றால், அந்த இடத்தில் ஏதோ கட்டமைப்புக் குறை இருக்கிறதா என்று தேட வேண்டும். நம் ஊரில் காசநோயை முதலில் நினைப்பது சரியே. அது இல்லை என்று ஆனபின் அங்கேயே நின்றுவிடுவதுதான் உங்களைப் போன்றவர்களுக்குப் பல ஆண்டுகளை இழக்கச் செய்கிறது.

உங்களுக்கு இருப்பது, ஒதுங்கிய பகுதி நுரையீரல் மடலுக்குள்ளேயே, அதே உறைக்குள் அமைந்துவிட்ட வகை. செக்வஸ்ட்ரேஷன்களில் நான்கில் மூன்று பங்கு இவ்வகைதான். பெரும்பாலும் இடது கீழ்மடலின் பின்புறத்தில் காணப்படும். இதில் இரத்தக் குழாய்களுக்கு நேரும் மாற்றத்தைப் புரிந்துகொள்ள இரண்டு எண்கள் போதும். ஆரோக்கியமான பெரியவர் ஒருவரின் பெருந்தமனியில் இதயம் சுருங்கும்போது அழுத்தம் ஏறக்குறைய 120 மில்லிமீட்டர் பாதரசம். நுரையீரல் தமனியில் அது 25 அளவில்தான். நுரையீரலின் குழாய்கள் மெல்லிய சுவர் உடையவை, குறைந்த அழுத்தத்துக்கென்று அமைந்தவை. அவற்றுக்குள் பெருந்தமனியின் அழுத்தம் பிறந்த நாளிலிருந்து ஒவ்வொரு துடிப்பிலும் வந்து மோதினால் என்ன ஆகும்? வாய்க்காலில் ஆற்று வெள்ளத்தைத் திருப்பிவிட்டால் கரை என்ன பாடுபடுமோ அதுதான்.

முதலில் சுவரின் நடு அடுக்கில் உள்ள தசை தடிக்கிறது. அழுத்தத்தைத் தாங்கிக்கொள்ள உடல் செய்யும் முயற்சி அது. பிறகு உள் அடுக்கில் நார்த்திசு படிந்து, குழாயின் உள்வழி குறுகுகிறது. இதயத்தின் இடைச்சுவரில் துளையோடு பிறந்தவர்களின் நுரையீரல் குழாய்களில் அழுத்தம் கூடும்போது படிப்படியாக என்னென்ன மாற்றங்கள் நேரும் என்பதை ஹீத், எட்வர்ட்ஸ் என்ற இருவர் 1958இல் ஆறு நிலைகளாக வகுத்தார்கள். அவர்கள் அங்கே கண்ட தசைத் தடிப்பையும் உட்சுவர்த் தடிப்பையும் போன்ற மாற்றங்களை, அறுவை செய்து எடுத்த செக்வஸ்ட்ரேஷன் திசுவிலும் நோய்க்கூறியல் மருத்துவர்கள் காண்கிறார்கள். இதயத்தில் குறை இருந்தால் நுரையீரல் முழுவதும் பாதிக்கப்படும். இங்கே அந்த ஒரு பகுதி மட்டும், நுரையீரல் உயர் இரத்த அழுத்தத்தின் தீவு போல மாறிவிடுகிறது. மீதி நுரையீரல் இயல்பாகவே இருக்கும். ஒரே மடலில் சில சென்டிமீட்டர் தூரத்துக்குள் இரண்டு விதமான குழாய்களை அருகருகே பார்க்கும்போது, அழுத்தம் என்ற ஒன்று திசுவை எவ்வளவு ஆழமாக மாற்றிவிடுகிறது என்று இன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

வந்து சேரும் பெரிய தமனியின் கதை சற்று வேறு. பெருந்தமனியிலிருந்து பிரியும் மற்ற நடுத்தரக் கிளைகளில் தசை மிகுந்திருக்கும். இந்தப் பிறவித் தமனியின் சுவரிலோ, நுரையீரல் தமனியைப் போல, மீள்நார்கள் மிகுந்திருக்கும். உயர் அழுத்தத்தில் ஆண்டுக்கணக்காக வேலை செய்வதால், வயதுக்கு மீறிய கொழுப்புப் படிவு அதில் ஏற்படலாம். சுவர் தளர்ந்து பலூன் போல வீங்கலாம். உங்கள் அறிக்கையில் வீக்கம் என்று எழுதியிருப்பது இதுவாக இருக்கக்கூடும். போதாக்குறைக்கு, ஒதுங்கிய பகுதியில் சளி வெளியேற வழி இல்லாததால் கிருமித் தொற்று மாறி மாறி வந்து, அழற்சியால் அங்கே உள்ள சிறு குழாய்கள் பெருகி, விரிந்து, எளிதில் உடையக்கூடியவையாகின்றன. இருமலில் வந்த இரத்தம் அப்படி உடைந்த குழாயிலிருந்து வந்திருக்கும். பெருந்தமனி அழுத்தத்தில் வரும் இரத்தம் என்பதால் அது திடீரென்று மிகுதியாக வர வாய்ப்பு உண்டு. ஆகவே இதைத் தள்ளிப்போடாதீர்கள். நெஞ்சக அறுவை சிகிச்சை மருத்துவரை உடனே பாருங்கள். மீண்டும் இரத்தம் வந்தால் அளவு எவ்வளவு சிறிதாக இருந்தாலும் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

கேள்வி: ஒன்றரை வயதுப் பெண் குழந்தைக்கு அறுவை சிகிச்சை வேண்டும் என்று ஒருவரும், தொடை வழியாகக் கம்பிச் சுருள் வைத்து அந்தக் குழாயை அடைத்துவிட்டால் போதும் என்று மற்றொருவரும் சொல்கிறார்கள். குழந்தைக்கு இதுவரை எந்தத் தொந்தரவும் இல்லை. எதைச் செய்வது? – ஒரு தாய், மதுரை

பதில்: இதில் மருத்துவர்களிடையே உண்மையான கருத்து வேறுபாடு இருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். தொந்தரவு இல்லாத குழந்தைக்கு அறுவை செய்யாமல் கவனித்து வரலாம் என்போரும் உண்டு. நுரையீரலுக்கு வெளியே தனி உறையோடு உள்ள சிறிய கட்டி என்றால் அந்தக் கருத்தோடு நானும் உடன்படுவேன். மடலுக்குள் இருப்பது என்றால், கிருமித் தொற்று வருவதற்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது என்பது என் முடிவு. தொற்று வந்து ஒட்டிக்கொண்ட பிறகு செய்யும் அறுவை கடினமானது; முன்பே செய்தால் பெரும்பாலும் சிறு துளைகள் வழியாகவே முடித்துவிடலாம்.

சுருள் வைத்து அடைப்பது, இரத்த ஓட்டம் மிகுந்து இதயம் திணறும் கைக்குழந்தைக்கு உயிர் காக்கும் சிகிச்சையாகலாம். அறுவைக்கு முன்பு பெரிய குழாய் ஒன்றை அடைத்து ஆபத்தைக் குறைக்கவும் அது பயன்படுகிறது. ஆனால் குழாயை அடைத்தாலும் திசு உள்ளேயே இருக்கிறது. அதில் நீர்க்கட்டிகள் இருந்தால் தொற்றும் வாய்ப்பு முழுவதும் நீங்காது. நுண்ணோக்கிப் பரிசோதனைக்கும் திசு கிடைக்காது. அடைத்த குழாய்க்குப் பதிலாக வேறொரு சிறு குழாய் வளர்ந்து வரவும் கூடும்.

அறுவை என்றால், நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: குழாய்கள் எத்தனை, எங்கிருந்து வருகின்றன என்பது படத்தில் தெளிவாகத் தெரிந்துவிட்டதா? இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பெருந்தமனியிலிருந்து நுரையீரலுக்கு ஒரு குழாய் செல்வதை ஹூபர் என்பவர் 1777லேயே பதிவு செய்தார். ஆனாலும் மார்பு அறுவை வளரத் தொடங்கிய காலத்தில் அதை யாரும் எதிர்பார்த்துப் பார்க்கவில்லை. நுரையீரலின் அடியில் உள்ள மெல்லிய உறை மடிப்பை வழக்கம்போல வெட்டும்போது, அதற்குள் மறைந்திருந்த தமனியும் வெட்டுப்பட்டது. அறுபட்ட முனை உதரவிதானத்துக்குக் கீழே சுருங்கி இறங்கிவிட்டால், மார்புக்குள் இருக்கும் கைக்கு அது எட்டாது. 1940இல் ஹாரிஸ், லூயிஸ் ஆகிய இருவர் இந்த ஆபத்தைச் சுட்டிக்காட்டி எழுதினார்கள். 1946இல் பிரைஸ் என்ற பிரிட்டிஷ் நோய்க்கூறியல் மருத்துவர் இந்தக் குறைக்கு 'செக்வஸ்ட்ரேஷன்' என்று பெயரிட்டு, அந்தத் தமனி எந்தத் திசுவுக்குச் செல்கிறது என்பதை வைத்தே அதை மூன்றாகப் பிரித்தார்: இயல்பான நுரையீரலுக்கு மட்டும் செல்வது, இயல்பான பகுதிக்கும் ஒதுங்கிய பகுதிக்கும் சேர்த்துச் செல்வது, ஒதுங்கிய பகுதிக்கு மட்டும் செல்வது. இன்று சி.டி. ஆஞ்சியோகிராம் எடுத்து, குழாயின் வழியை முன்பே தெரிந்துகொண்டு, அதை முதலில் கண்டு, கட்டி, பிறகு வெட்டுகிறோம். அந்தப் படம் இல்லாமல் அறுவை அரங்குக்குள் செல்ல எந்த மருத்துவரும் சம்மதிக்கக் கூடாது. செலவு பற்றியும் எழுதியிருந்தீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவிலும், சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையிலும் கேட்டுப் பாருங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: செவிலியர் படிப்பு மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எல்லோரும் தமனியைப் பற்றியே பேசுகிறார்கள். இந்தக் குறைகளில் சிரைக்கு என்ன பங்கு? – ஒரு மாணவி, வேலூர்

பதில்: உங்கள் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இரத்தம் வரும் வழியைத் தேடுவதில் காட்டும் அக்கறையைத் திரும்பும் வழியில் நாங்களே சில நேரம் காட்டுவதில்லை.

மடலுக்குள் உள்ள வகையில் இரத்தம் நுரையீரல் சிரை வழியாக இதயத்தின் இடது மேலறைக்குத் திரும்புகிறது. ஏற்கெனவே ஆக்சிஜன் ஏறிய இரத்தம், காற்றே வராத திசுவுக்குள் சென்று, புறப்பட்ட இடப்பக்கத்துக்கே மறுபடி வந்து சேருகிறது. யாருக்கும் பயனில்லாத இந்தச் சுற்றுக்காக இடது இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலாக உழைக்கிறது. தனி உறையோடு உள்ள வகையில் இரத்தம் பெரும்பாலும் அசைகஸ் போன்ற உடல் சிரைகள் வழியாக வலப்பக்கத்துக்குத் திரும்புகிறது. குழாய் சிறிதாக இருந்தால் இரண்டுமே குழந்தைக்குத் தெரியாது. பெரிதாக இருந்தால் வேகமான மூச்சு, பால் குடிக்கும்போது வியர்த்தல், எடை ஏறாமை ஆகியவை தோன்றும். வார்டில் இவற்றை முதலில் கவனிக்கப்போவது நீங்கள்தான்.

சிரையே முதன்மையாக மாறிப்போன குறையும் உண்டு. வலது நுரையீரலின் சிரை இடது மேலறைக்குச் செல்லாமல், கீழே வளைந்து இறங்கிக் கீழ்ப்பெருஞ்சிரையில் சேர்ந்துவிடும். எக்ஸ்ரேயில் அது இதயத்தின் வலப்பக்கத்தில் வளைந்த வாள் போலத் தெரிவதால், துருக்கிய வாளின் பெயரால் அதை சிமிட்டார் நோய்த்தொகுப்பு என்பார்கள். நம்மவர் பார்த்தால் அரிவாள் என்றே சொல்வார்கள். 1836லேயே விவரிக்கப்பட்ட குறை இது. இதில் வலது நுரையீரல் சிறுத்திருக்கும், இதயம் வலப்பக்கம் நகர்ந்திருக்கும், பல நேரங்களில் பெருந்தமனியிலிருந்து அந்த நுரையீரலுக்கு ஒரு குழாயும் வரும். பச்சிளம் பருவத்திலேயே வெளிப்பட்டால் நுரையீரல் தமனியின் அழுத்தம் மிகுந்து ஆபத்தாகலாம்; பெரியவர்களிடம் தற்செயலாக எடுத்த எக்ஸ்ரேயிலும் தெரிவதுண்டு.

அறுவையிலும் சிரை ஏமாற்றும். எடுக்கப்போகும் பகுதிக்கு மட்டும் உரியது என்று எண்ணிக் கட்டிய சிரை, மீதி நுரையீரல் முழுவதற்கும் ஒரே வடிகாலாக இருந்துவிட்டால், நல்ல நுரையீரலும் இரத்தம் தேங்கிக் கெட்டுவிடும்.

கேள்வி: என் தந்தைக்கும் எனக்கும் அடிக்கடி மூக்கில் இரத்தம் வரும். என் நுரையீரலில் தமனியும் சிரையும் நேராக இணைந்திருப்பதாகச் சொல்கிறார்கள். இதுவும் நீங்கள் எழுதியதும் ஒன்றா? – ஒரு வாசகர், புதுச்சேரி

பதில்: இரண்டும் வேறு. மேலே சொன்னவற்றில் உயர் அழுத்த இரத்தம் நுரையீரலுக்குள் வருகிறது. உங்களுக்கு, நுரையீரல் தமனியின் இரத்தம் இடையில் உள்ள நுண்குழாய்களைத் தாண்டாமலே சிரைக்குள் போய்விடுகிறது. அந்த நுண்குழாய்கள் ஆக்சிஜனை ஏற்றுவதோடு, சிறு இரத்தக் கட்டிகளையும் கிருமிகளையும் தடுத்து நிறுத்தும் வடிகட்டியாகவும் இருக்கின்றன. வடிகட்டி இல்லாத வழியில் அவை மூளைக்குச் சென்றால் பக்கவாதமோ மூளையில் சீழ்க்கட்டியோ வரலாம். மூக்கில் இரத்தம் வருவது குடும்பத்தில் தொடர்வதால், பரம்பரையாக வரும் இரத்தக் குழாய் நோய் ஒன்று இருக்கிறதா என்று நீங்களும் உங்கள் தந்தையும், உங்களுக்குக் குழந்தைகள் இருந்தால் அவர்களும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். இந்தக் குறைக்குக் கம்பிச் சுருளோ அடைப்பானோ வைத்து அடைப்பதே முதன்மையான சிகிச்சை. பல் பிடுங்கவோ சுத்தம் செய்யவோ போகும்போது பல் மருத்துவரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் தர வேண்டியிருக்கும்.

கேள்வி: என் மகளுக்குப் பத்து மாதத்தில் இடது கீழ்மடலை எடுத்தார்கள். இப்போது மூன்று வயது. அவள் மற்ற குழந்தைகளைப் போல ஓடலாமா? வெட்டிக் கட்டிய அந்தக் குழாய் மறுபடி திறந்துகொள்ளுமா? – ஒரு தாய், தூத்துக்குடி

பதில்: தாராளமாக ஓடலாம். பிறந்த பிறகும் முதல் சில ஆண்டுகள் நுரையீரலில் புதிய காற்றறைகள் உருவாகிக்கொண்டே இருக்கின்றன. அவற்றோடு நுண்குழாய்களும் வளர்கின்றன. சிறு வயதில் ஒரு மடலை எடுத்தால் மீதி நுரையீரல் விரிந்தும் வளர்ந்தும் அந்த இடத்தை நிரப்புகிறது. கட்டி வெட்டிய தமனி திறந்துகொள்ளாது. அதற்கப்பால் இரத்தம் செல்ல வேண்டிய திசுவே இப்போது இல்லை. பெருந்தமனியில் சிறு மொட்டு போல அதன் அடிப்பகுதி மட்டும் மிஞ்சியிருக்கும்.

ஒரு வேலை மட்டும் உங்களுக்கு இருக்கிறது. அறுவைக்கு முன் எடுத்த சி.டி. படத்தின் குறுந்தகடு, அறுவைக் குறிப்பு, திசுப் பரிசோதனை அறிக்கை மூன்றையும் அவளுடைய தடுப்பூசி அட்டையோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். இருபது ஆண்டுகள் கழித்து வேறு ஏதோ காரணத்துக்காக அவளுடைய மார்பைப் படமெடுக்கும் ஒரு மருத்துவர், பெருந்தமனியில் அந்தச் சிறு மொட்டைப் பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டால், அவள் அந்த அறிக்கையை எடுத்துக் காட்டட்டும்.